குறிஞ்சியும் ஆர்க்காடியாவும்

சூரியநெல்லியிலிருந்து ஏறிச் செல்லும் கொழுக்குமலைச் சரிவுகளில் 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் இச்செடியின் பெயரே சங்க இலக்கியத்தில் ஒரு திணைக்கும் பெயராயிற்று. இலத்தீன் கவிதையிலும் மலையும் மேய்ச்சல் நிலமும் உண்டு. ஆயின், இரண்டையும் 'இயற்கைக் குறியீடு' என ஒரே சொல்லால் சுட்டுதல் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

வர்ஜில் தம் பத்து ஆயர்பாடல்களுள் ஏழாவதில், ஆர்க்காடிய ஆயரைத் தம் ஊராகிய மாந்துவாவின் மின்சியோ ஆற்றங்கரையில் அமர்த்துகிறார். முதற்பாடலிலோ நிலம் பறிபோன ஒருவன் புலம்புகிறான். அங்கு நிலத்தின் பொருளைப் பாடல்தோறும் கவிஞரே படைக்கிறார். தமிழில் நிலை வேறு. குறிஞ்சி என்றவுடன் புணர்தல் என்னும் உரிப்பொருள் முன்வந்து நிற்கிறது. தோழி அருவியை மட்டுமே கூறினும் கேட்போர்க்குக் காதல் விளங்கும்.

உரோமையில் பயின்ற தனிநாயகம் அடிகளின் ஆங்கில நூல் (1966) சங்கப்பாடல்களின் இயற்கையை உலக இலக்கியப் பின்னணியில் வைத்து நோக்கியது. அடுத்த ஆண்டு ஏ.கே. இராமானுசன் தம் குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு 'அகத்தின் நிலக்காட்சி' எனப் பொருள்படும் தலைப்பிட்டார், தக்க தேர்வே. குறிஞ்சியை 'மலை' என்று மட்டும் பெயர்த்தால் நிலம் வரும், உரிப்பொருள் வாராது. முல்லையை ஐரோப்பிய ஆயர்பாடல் வகையுள் அடக்குவோரும் இவ்வாறே பிழைபடுகின்றனர். முல்லையில் மாலைப்பொழுதில் ஆநிரை மீள்வது, இன்னும் மீளாத தலைவனை நினைவூட்டுவதற்கே.