மாடிக்கு ஏறிய பெட்டகம்

டாலஸ் புறநகரில் மாடி வீட்டில் குடியிருப்பவர் இரும்புப் பெட்டகம் வாங்க நினைத்தால் முதலில் குறுக்கே நிற்பது படிக்கட்டுதான். ஒரே உடலாகப் பற்றவைத்த பெட்டகம் முந்நூறு நானூறு கிலோ எடை இருக்கும். படி திரும்பும் இடத்தில் அதைத் திருப்ப முடியாது. அதனால் பெரும்பாலான வீடுகளில் அது கராஜிலேயே நின்றுவிடுகிறது. பெட்டகத்துக்கு அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. கராஜ் கதவு திறக்கும் போதெல்லாம் தெருவில் போகிறவர் கண்ணில் படும். டெக்சஸ் வெயிலும் ஈரமும் நேரே இறங்கும். கடப்பாரையும் டிரில்லும் பக்கத்துச் சுவரிலேயே தொங்கும்.

இதற்கு மாற்று, பாகம் பாகமாக வந்து, வைக்கும் இடத்திலேயே இணைத்துக்கொள்ளும் பெட்டகம். துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள் இது. சனோட்டி, ஸ்னாப்சேஃப் இரண்டும் இந்த வகையில் பலருக்குத் தெரிந்த பெயர்கள். நான் எந்த நிறுவனத்தையும் தூக்கிப் பிடிக்க வரவில்லை. மாடியில் துணி அலமாரி அறைக்குள் ஒன்றை நிறுத்திப் பயன்படுத்தி வருவதால், இந்த வகைப் பெட்டகம் எதில் நம்பத் தக்கது, எதில் கவனம் கேட்கிறது என்று சொல்ல முடியும்.

நம்மவர்களுக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளையே குறிவைத்து டெக்சஸ், ஜார்ஜியா, மிச்சிகன், நியூயார்க் எனப் பல மாநிலங்களில் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019-இல் மிச்சிகன் கூட்டாட்சி நீதிமன்றம் 37 ஆண்டு சிறை விதித்தது. வீட்டில் தங்கம் இருக்கும் என்ற கணக்கில் வந்தவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1,500 டாலர் வரைதான். ஒரு சங்கிலிக்குக் கூட அது காணாது. வங்கிப் பெட்டியில் வைத்தாலும், வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் அரசுக் காப்பீடு அதற்குள் இருக்கும் பொருளுக்குக் கிடையாது.

வாங்கும்போது விளம்பரம் எதைப் பெரிய எழுத்தில் சொல்கிறதோ அதை விட்டுவிட்டுத் தகட்டின் தடிமனைப் பாருங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 14 கேஜ் என்றால் 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4. பன்னிரண்டுக்கு மெலிந்ததை நான் வாங்க மாட்டேன். அடுத்தது, பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யூ.எல். தரும் முத்திரை. வீட்டுப் பெட்டகங்களில் பொதுவாகக் காணும் ஆர்.எஸ்.சி. முதல் நிலைச் சான்று சொல்வது இதுதான்: ஒரே ஆள் சாதாரணக் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடம் முயன்றும் திறக்க முடியவில்லை. ஐந்தே நிமிடம். நகைக்கடைக்காரர்கள் தேடும் டி.எல்.-15 என்பது மின்கருவிகளோடு தாக்கினாலும் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடிப்பது. அதன் எடையும் விலையும் வேறு உலகம். வீட்டுப் பெட்டகம் ஐந்து நிமிடக் காவலன் என்று தெரிந்து வாங்கினால், அந்த ஐந்தைப் பத்தாகவும் பதினைந்தாகவும் நீட்டுவது எப்படி என்ற யோசனை தானாக வரும். அலாரம் அதற்குத்தான், தரையோடு பிணைப்பதும் அதற்குத்தான்.

பெட்டிகள் வாசலோடு இறக்கப்படும், மாடி ஏற்றுவது நம் பொறுப்பு. அடிப்பாகம், முதுகு, இரண்டு பக்கம், கூரை, கதவுச் சட்டம், கதவு என ஒவ்வொன்றையும் என் மனைவியும் நானும் தூக்கிவிட்டோம். கதவு மட்டும் கனம். அதற்கு நண்பர் ஒருவர் வந்தார். அரை மணியில் முடியும் என்கிறது கையேடு. கனமான தகட்டை ஓட்டைக்கு ஓட்டை பொருத்திப் பழகாதவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

கையேடு போதிய அழுத்தம் கொடுக்காத ஒன்றைச் சொல்கிறேன். எந்த போல்ட்டையும் முதலிலேயே இறுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் விரலால் திருகி நிறுத்திவிட்டு, கதவுச் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று பொருள். அதன்பின் எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சட்டம் நூலளவு கோணினாலும் கதவின் ஒரு பக்கம் இடைவெளி விரியும், கடப்பாரையின் நுனி நுழைவது அங்கேதான். எங்கள் பெட்டகத்தில் கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. தாழ்கள் உரசாமல் ஓடுகின்றன. போல்ட் தலைகள் அனைத்தும் உள்பக்கம் இருப்பதால், கதவைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து கழற்ற ஒன்றுமில்லை. இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆனால் நிறுத்தியதோடு வேலை முடியவில்லை. தரையில் பிணைக்காத பெட்டகத்தை இரண்டு பேர் மல்லாக்கச் சாய்த்துவிட்டால், கதவின் மேல் உடல் எடையைப் போட்டு நெம்பலாம். தள்ளுவண்டி இருந்தால் அப்படியே கொண்டுபோகலாம். பாகங்களாக வரும் பெட்டகம் எடை குறைந்தது என்பதால் இந்த ஆபத்து அதற்கு அதிகம்.

மாடித் தரை மரம். அடியில் ஓடும் விட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும்; பெட்டகத்தின் ஓட்டைகள் அந்தக் கணக்குக்கு வராது. எங்களுக்கு இரண்டு ஓட்டைகள் விட்டத்தில் விழுந்தன. மீதிக்கு முதுகுத் தகடு வழியாகச் சுவரின் மரத்தூண்களில் நீளத் திருகு போட்டோம். கம்பளத்தின் மேலேயே துளை போடக் கூடாது. நூல் டிரில் முனையில் சுற்றிக்கொண்டு இழுபட்டுப் போகும். கம்பளம் மெத்தென்று இருப்பதால் பெட்டகமும் சமமாக உட்காராது. அந்த அளவுக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். படுக்கையறைத் தரைக்குக் கட்டட விதி கேட்கும் தாங்குதிறன் சதுர அடிக்கு 30 பவுண்டுதான். ஆகவே எடையைத் தாங்கும் சுவரை ஒட்டி, பல விட்டங்களின் குறுக்காகப் பெட்டகத்தை நிறுத்துங்கள். பெரிய அளவு வாங்குபவர் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

கீழ்த்தளத்தில் வைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இங்குள்ள களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் பல வீடுகளின் கான்கிரீட் தளத்துக்குள் எஃகுக் கம்பி வடங்களை இழுத்து இறுக்கி வைத்திருக்கிறார்கள். டிரில் ஒரு வடத்தைத் தொட்டால் அது அறுந்து தெறிக்கும். ஆளுக்கும் ஆபத்து, அடித்தளத்துக்கும் கேடு. பல வீடுகளில் கராஜ் தரையிலேயே துளையிடாதே என்று பொறித்திருப்பார்கள். வடங்கள் எங்கே ஓடுகின்றன என்று கருவி வைத்து ஆய்ந்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தீத்தடுப்பு இந்த வகையின் பலவீனமான பக்கம். தகட்டுக்குள் இருக்கும் ஜிப்சம் பலகை சூட்டில் தனக்குள் உள்ள நீரை ஆவியாக விட்டு உள்ளே சூடு ஏறாமல் காக்கிறது. ஆனால் பாகங்கள் சேரும் ஒவ்வொரு விளிம்பும் சூடான காற்றுக்கு ஒரு வழி. சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஆனால் அரக்கு நிரப்பிய நகையும் முத்தும் அவ்வளவு தாங்காது. தீத்தடுப்புச் சான்றுகள் காகிதத்துக்கு வைக்கும் எல்லை 177 டிகிரி, பென் டிரைவ் போன்றவற்றுக்கு 52 டிகிரிதான். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வீட்டுப் பத்திரங்களை நாங்கள் தனியாக ஒரு சிறு தீத்தடுப்புப் பெட்டியில் போட்டு அதை உள்ளே வைத்திருக்கிறோம். ஜிப்சம் ஈரம் விடும் என்பதால் சிலிக்கா ஜெல் பையும் உண்டு. முத்து மாலையை மட்டும் என் மனைவி அந்தப் பைக்கு எட்டத் தள்ளி, துணியில் சுற்றி வைக்கிறாள். மிகவும் உலர்ந்தால் முத்தில் கீறல் விழும்.

பூட்டைப் பொறுத்தவரை விரல்ரேகை வேண்டாம். ஈரக் கையோடும் தேய்ந்த விரலோடும் அது தடுமாறும். எண் பொத்தான் பூட்டு போதும். பாட்டரி வெளிப்பக்கம் இருக்கிறதா, தீர்ந்தால் எண் மறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணை மாற்றினால் கதவைத் திறந்தே வைத்துத் தாழை ஓட்டிப் பலமுறை சோதித்த பிறகே மூட வேண்டும். உள்ளே நீளத் துப்பாக்கிக்கான தாங்கிகள்தான் வரும். அவற்றைக் கழற்றிவிட்டுத் தட்டுகளைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது.

அதே விலைக்கு ஒற்றை உடல் பெட்டகத்தில் தகடும் கூடுதல், தீத்தடுப்பும் கூடுதல். ஒரே தளத்து வீட்டில், அகலமான வாசலோடு இருப்பவர் அதையே வாங்க வேண்டும். மாடிக்காரருக்கும், சில ஆண்டுகளில் வேறு ஊர் மாற இருப்பவருக்கும் பாகங்களாக வருவது சரி. வாடகை வீடானால் தரையில் துளையிட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டகம் வந்த கையோடு காப்பீட்டு நிறுவனத்தையும் அழைத்து, நகைகளைத் தனித்தனியாக மதிப்பிட்டுப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். அதற்கான படங்களையும் ரசீதுகளையும் பெட்டகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.