சங்ககிரி மதிலோரம்

அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் கோயில் தூண்களில் கல்லின் நளினத்தைப் பார்க்கலாம். அதன் முரட்டு உடம்பைப் பார்க்கச் சேலம் தாண்டிச் சங்ககிரி மலைக்கோட்டைக்குப் போக வேண்டும்.

மலையடிவாரத்துக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. "செவுத்தப் புடிக்காதீங்க கண்ணு, பாறையில காலூனி வாங்க" என்றார் எங்களோடு வந்த பெரியவர். அவர் சொன்னபடி நடந்தால்தான் மதில் கண்ணில் படுகிறது. பாறை முடிகிற இடமும் சுவர் தொடங்குகிற இடமும் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். சரிவு எங்கே செங்குத்தோ அங்கே மலையே மதில். ஏறிவர வழியிருக்கும் இடத்தில் மட்டும் கருங்கல் அடுக்கு. வாசலுக்கு மேல் வாசலாக ஏறுகிறது கோட்டை. விஜயநகரக் காலத்தில் எழுந்து, மைசூர் வசமாகி, 1792 உடன்படிக்கையில் கும்பினியிடம் போனது. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். அவர் நினைவாக ஆடிப்பெருக்கன்று கொங்குச் சனம் திரண்டு வருகிறது.

சில இடங்களில் காரை உதிர்ந்து, கல்லிடுக்கில் வேர் இறங்கியிருக்கிறது. எனக்கு அந்த இடங்கள்தான் பிடித்தன. சுவரின் உள்கட்டு அங்கேதான் தெரிகிறது. வேரை வெட்டி, கல் சரியாமல் காத்தால் போதும். புதுச் சிமெண்டு பூச வேண்டாம். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.