வேலையைப் பார்த்துச் செடிகளை வகுத்தால்

சூழலியலில் செடிகளைக் குடும்பத்தால் பிரிக்காமல், அவை செய்யும் வேலையால் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்ப்பவை, வெயிற்காலப் புற்கள், குளிர்காலப் புற்கள், பூண்டுகள், மரங்கள் என்று அது போகும். இதன் பலத்துக்குச் சவுக்கே சாட்சி. அது பயறுக் குடும்பம் அல்ல. ஆனாலும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரின் துணையோடு வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கிறது. புளியும் சரக்கொன்றையும் பயறுக் குடும்பமேதான். அவற்றின் வேரில் முடிச்சே கிடையாது. குடும்பத்தை மட்டும் நம்பியவர் இரண்டு இடத்திலும் ஏமாந்துபோவார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்னும் ஆய்வுக் களத்தில், டேவிட் டில்மன் குழுவினர் 1994இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். 168 பாத்திகளில் ஒன்று முதல் பதினாறு இனங்கள் வரை விதைத்தார்கள். பயறு வகையும் வெயிற்காலப் புல்லும் சேர்ந்து வளர்ந்த பாத்திகள் செழித்தன. எந்த வேலைகள் கூடிவர வேண்டும் என்று சொல்ல இந்த வகுப்பு உதவியது. அதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரே குழுவில் இருப்பவற்றில் ஒன்று போனாலும் நட்டமில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவதுதான் ஆபத்து. சீடார் கிரீக்கிலேயே ஆண்டுகள் ஏற ஏற, இனங்கள் குறைந்ததன் இழப்பு கூடிக்கொண்டே போனதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் உபரியாகத் தெரிந்த இனங்கள் உபரியே அல்ல.

இன்னொரு குறை எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஒரு செடியின் வேலை இடத்துக்கு இடம் மாறும். தரிசில் நிற்கும் கொழிஞ்சியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. யூரியா நிறைய விழுந்த மண்ணில் பயறுச் செடிகளுக்கு முடிச்சே குறைந்துவிடும். பட்டியலில் மட்டும் அவை தழைச்சத்துக் குழுவிலேயே இருக்கும்.

ஒரு செடிக்கு ஒரே வேலைதான் என்பதும் இல்லை. சீமைக் கருவேலம் தழைச்சத்தைச் சேர்க்கும் மரம். வறண்ட மண்ணிலும் தழைக்கும். இந்த இரண்டை மட்டும் பார்த்தால் நடத் தகுந்த மரம்தான். அது அடர்ந்த இடத்தில் நாட்டுச் செடிகள் முளைவிடத் தவிப்பதைப் பட்டியலில் அதற்குத் தந்த கட்டம் சொல்லாது.

மரம் நடும் திட்டங்களுக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மண்ணில், எதனோடு சேர்ந்து, எதை ஒடுக்கி அது வளர்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.