அழுக்கின் வரலாறும் அழுக்கின் ஒப்பனையும்

அருங்காட்சிப் பொருளாகப் பேணப்படும் நீராவிப் புகையிரத இயந்திரங்களை, உழைத்துக் களைத்தவை போலத் தோன்றச் செய்வது மேனாடுகளில் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. பளபளப்பை மங்கச் செய்து, எண்ணெய்க் கறையும் கரியும் துருவின் நிறமும் பூசுகின்றனர். பளபளப்பு பொய், அழுக்கே மெய் என்பது இவர்தம் வாதம். இதனை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதே நம்முன் உள்ள வினா.

அழுக்குக்குக் காரணமுண்டு. கொதிகலனின் புறத்தே வழியும் வெண்கோடுகள் கடின நீரின் சுண்ணாம்புப் படிவுகளாம். சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில், கேத்திலின் உட்புறத்தைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தூய்மைக்கும் காரணமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இயந்திரங்கள் மின்னியமைக்கு, குறைந்த கூலிக்கு அவற்றைத் தேய்த்துத் துடைத்த இளைஞர் உழைப்பே காரணம். இரண்டாம் உலகப்போரின் பின் அக்கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 1968இல் அங்கு பிரதான பாதைகளில் நீராவி யுகம் முடிவுற்றபோது இயந்திரங்கள் கரிபடிந்தே கிடந்தன. எனவே பளபளப்பும் அழுக்கும் உழைப்புறவின் இரு கட்டங்களைக் குறிப்பனவேயன்றி, பொய்யும் மெய்யும் அல்ல.

நம் நாட்டில் 1986இல் தொடங்கிய உல்லாச நீராவி வண்டிக்கு 'வைஸ்ரோய்' எனப் பெயரிடப்பட்டது. இலங்கையை ஆண்டவர் ஆளுநரேயன்றி வைஸ்ரோய் அல்லர். அதனை இழுத்த இயந்திரங்களோ பிரெடரிக் நோர்த், சேர் தோமஸ் மெயிற்லண்ட் எனும் ஆளுநர்களின் பெயர் தாங்கியவை. கரியள்ளி இட்டவனின் பெயர் எதிலும் இல்லை. இவ்வியந்திரங்கள்மீது கரி பூசினாலும் அப்பெயர்ப்பலகை மாறப்போவதில்லை.

இலக்கியத்திலும் இப்பிரச்சினை நமக்குப் புதிதன்று. 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், உழைக்கும் மக்களின் பேச்சை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தோர் மொழியைத் துடைத்து மினுக்க விழைந்தனர். அவர்களை எதிர்த்து முற்போக்காளர் வென்றெடுத்த மண்வாசனை, பிற்காலத்தில் சிலர் கையில் வெறும் ஒப்பனையாகவும் சுருங்கிற்று. பேச்சுவழக்குச் சொற்களைத் தூவி, வறுமையின் கறைகளை நுணுக்கமாகத் தீட்டி, அவ்வறுமையைத் தோற்றுவித்த உறவுகளைப் பற்றி வாளாவிருக்கும் கதை, பூசப்பட்ட அழுக்கையே ஒத்தது. இயற்பண்புவாதம் கறையைப் பிரதி செய்கிறது. யதார்த்தவாதம் கறை படிந்த காரணத்தைக் காட்டுகிறது.

வடபாதையின் அனுபவம் இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையுற்ற அப்பாதையின் குடாநாட்டுச் சேவை 1990இல் போரினால் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்ட பாதை 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறையையும் அடைந்தது. மக்களுக்குத் தேவையான சேவை மீண்டது வரவேற்கத்தக்கதே. ஆயின் புதுவண்ணம் பூசிய நிலையங்கள் இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. அதற்கு மாற்றாகச் செயற்கைச் சிதைவைத் தீட்டுவதும் தீர்வாகாது.

பேண வேண்டியது உழைப்பின் வரலாறு. 1923இன் கொழும்புப் பொதுவேலைநிறுத்தத்தில் பங்கேற்ற, 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் தொழிலிழந்த புகையிரதத் தொழிலாளரின் கூலி, வேலைநேரம், நினைவுகள் ஆகியன இயந்திரத்தின் அருகே எழுதிவைக்கப்படட்டும். அதன்பின் இயந்திரம் மின்னினாலென்ன, மங்கினாலென்ன, பார்ப்போர் அதனை வரலாறாகவே வாசிப்பர்.