எல்லை உறுதி, வடிவம் ஐயம்

காஸ்மிக் கதிர்களைப் பெருமளவு தடுத்து நிறுத்தும் சூரியக் குமிழியான ஹீலியோஸ்பியரைப் பற்றி இரண்டு கூற்றுகள் ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன: அதன் எல்லையை வாயேஜர் கலங்கள் கடந்துவிட்டன, அதன் வடிவம் இன்னது. சான்றின் தரத்தில் இவை இரண்டும் சமமானவை அல்ல.

முதல் கூற்றின் வலிமை ஆய்வுமுறையில் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 25 அன்று, சுமார் 122 வானியல் அலகுத் தொலைவில், வாயேஜர் 1 பதிவுசெய்துவந்த சூரியத் துகள்கள் சட்டெனச் சரிந்தன. காஸ்மிக் கதிர்கள் உயர்ந்தன. ஆனால் காந்தப்புலம் எதிர்பார்த்தபடி திசை மாறவில்லை. பிளாஸ்மாவை நேரடியாக அளக்கும் கருவியோ 1980-லேயே பழுதாகியிருந்தது. திட்ட விஞ்ஞானி எட் ஸ்டோன் அவசரப்படவில்லை. 2012 மார்ச்சில் சூரியனில் நிகழ்ந்த வெடிப்பின் தாக்கம் 2013 ஏப்ரலில் கலத்தைச் சூழ்ந்த பிளாஸ்மாவை அதிரவைத்தது. அந்த அதிர்வெண்ணிலிருந்து இயற்பியலாளர் டான் கர்னெட்டின் குழு கணித்த அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.08 எலக்ட்ரான், குமிழிக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதன் பிறகே, 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2018 நவம்பர் 5-இல் வாயேஜர் 2, இயங்கும் பிளாஸ்மா கருவியோடு, 119 அலகில் எல்லையைத் தாண்டியது. காந்தத் திசைப் புதிர் அப்போதும் தீரவில்லை. ஆயினும் முடிவு அசையவில்லை.

வடிவத்துக்கு இந்த வலு இல்லை. வால்மீனைப் போல் நீண்ட வால் என்பது பழைய சித்திரம். காசினி கலத்தின் நடுநிலை அணுப் பதிவுகளைக் கொண்டு உருண்டை வடிவம் முன்வைக்கப்பட்டது: தரவு நேரடியானது, ஆனால் அந்த அணுக்கள் திசையையும் செறிவையும் சொல்கின்றனவே தவிர, தொலைவைத் தாமாகச் சொல்வதில்லை. இயற்பியலாளர் மெராவ் ஓஃபர் குழுவின் குரோசான் (பிறைவடிவ ரொட்டி) வடிவம் சூரியக் காந்தப்புலத்தின் இழுவிசைக்கு உரிய இடம் தருகிறது. அது அதன் சிறப்பு. அதே புலத்தைச் சேர்த்த வேறு கணினி மாதிரிகள் நீண்ட வாலையே தருகின்றன. அது குரோசான் வடிவத்தின் குறை. இந்த மாதிரிகளின் மீது எச்சரிக்கை தேவை என்பதற்கு ஐபெக்ஸ் செயற்கைக்கோள் 2009-இல் கண்ட நடுநிலை அணுக்களின் பட்டை சாட்சி: அதை எந்த மாதிரியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சூரியக் காற்றின் அழுத்தம் மாறியபின் அணுக்கள் திரும்பிவர எடுக்கும் காலத்தைக் கொண்டு ஐபெக்ஸ் பின்னர் தொலைவை அளந்தது. வால்பக்கம் குறைந்தது 350 அலகு நீள்கிறது என்றது. அந்த எண் அம்முறை எட்டக்கூடிய வரம்பே, வாலின் முடிவு அல்ல. எனினும் கச்சிதமான உருண்டையை அது பெரிதும் பலவீனமாக்குகிறது.

இரு வாயேஜர்களும் முன்பக்கமாகவே வெளியேறின. வால்பக்க எல்லையை எந்தக் கலமும் கடந்து அளந்ததில்லை. எனவே என் தீர்ப்பு: எல்லையைப் பாடநூலில் உண்மையென எழுதலாம். வடிவத்தை வரைந்தால், அது எந்த மாதிரியின் விளைவு என்பதையும் படத்தின் கீழே அச்சிட வேண்டும்.