வெண்ணெய்நல்லூர் வழக்கு

நீதி ஒன்றாயினும் அதனை வேண்டிச் செல்லும் மன்றங்கள் பல. ஒரே வழக்கை ஓர் ஊர் மன்றம் ஒருவகையாகவும், மற்றோர் ஊர் மன்றம் வேறுவகையாகவும் தீர்த்தல் உண்டு. ஆதலின் வழக்காடுவோன் தனக்கு இசைவான மன்றம் எது என்று தேடிச் செல்கிறான். அங்ஙனம் தேடுதல் அறமாகுமா? சட்ட நூலார் இன்றும் ஆராய்ந்துவரும் இவ்வினாவைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பெருமான் ஒரு கதையின் நடுவே வைத்துக் காட்டியிருக்கிறார். தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பத்திச் சுவைக்காகப் படிப்போர் பலர். அதனுள் அமைந்த வழக்கின் நுட்பத்தை நோக்குவோர் சிலரே.

கதை யாவரும் அறிந்ததே. புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் திருமகளுக்கும் நம்பியாரூரருக்கும் மணம் நிகழ இருந்த வேளையில், முதிய மறையவர் ஒருவர் அங்கு வந்து, ‘இந்த ஆரூரன் எனக்கு வழியடிமை’ என்று தடுத்தார். ஆரூரர் நகைத்தார். முதியவரோ ஓலை உண்டு என்றார். ஆரூரர் அவரைத் தொடர்ந்து சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். சூழ நின்றோர், ‘நீர் எவ்வூரில் உறைபவர்?’ என்று வினவ, முதியவர் திருவெண்ணெய்நல்லூர் என்று விடை பகர்ந்தார். அதைக் கேட்ட ஆரூரர், அவ்வூரினர் ஆயின் உம் பிழைபட்ட வழக்கை அங்கேயே வந்து பேசும் என்றார்.

இந்த ஒரு சொல்லே ஈண்டு ஆராய்தற்குரியது. ஆரூரருக்கு மூன்று இடங்கள் இருந்தன. ஒன்று, அவர் நின்ற புத்தூர் மணப்பந்தல். அங்குக் கூடியிருந்தோர் அனைவரும் அவருடைய உறவினர், வந்தவரோ தனியர். மற்றொன்று, அவர் பிறந்த திருநாவலூர். அவரை மகனாக ஏற்று வளர்த்தவர் நரசிங்கமுனையரையர் என்னும் அந்நாட்டு மன்னர். இவ்விரண்டில் எதனைத் தேர்ந்திருப்பினும் வழக்கு அன்றே முடிந்திருக்கும். அவ்விரண்டையும் விடுத்து, வழக்குத் தொடுத்தவரின் ஊரையே ஆரூரர் குறித்தார்.

இது பெருந்தன்மை மட்டும் அன்று, அறிவுடைமையும் ஆகும். ஒருவன் மெய்யனா பொய்யனா என்பதை அவனுடைய ஊரார் அறிவர். அயலூரில் பொய் வழக்கு ஆடுவது எளிது. தன் தெருவில் ஆடுவது அரிது. உண்மை எங்கே வெளிப்படும் என்று எண்ணியே ஆரூரர் இடம் குறித்தார் என்று கொள்ளலாம். அவ்வாறு கூறுகையில் அவர் முதியவரைப் ‘பழைய மன்றாடி’ என்கிறார். நெடுங்காலம் மன்றுகளில் வழக்காடிப் பழகியவர் என்பது ஒரு பொருள். தில்லை மன்றில் ஆடும் பழையோன் என்பது மறைந்து நிற்கும் பொருள். வழக்குமன்றுக்கும் ஆடல் மன்றுக்கும் ஒரு சொல்லே வழங்கும் தமிழின் இயல்பைப் புலவர் இங்கு அழகுறப் பயன்படுத்திக்கொண்டார்.

இனி, வெண்ணெய்நல்லூர் அவையத்தார் தம் ஊரவர் என்று கூறிக்கொண்டவருக்குச் சார்பாகத் தீர்த்தனர் என்று ஐயுறுவார் இருக்கலாம். நூலை நோக்கின் அவ்வையம் நீங்கும். அந்தணர் அடிமையாதல் இவ்வுலகில் இல்லையே என்று முதலில் மறுத்தவர்களே அந்த அவையத்தார்தாம். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு முதியவரைக் கேட்டனர். கிழிக்கப்பட்டது படியோலையே, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றார் அவர். அதனையும் ஆரூரர் பறித்துக்கொள்ளாதவாறு அவையத்தார் காப்பளித்த பின்னரே வெளியில் எடுத்தார். கரணத்தான் அதனைப் படித்தான். ஓலையில் இருப்பது ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்துத்தானா என்னும் வினா எழுந்தபோது, அவர் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்குமாறு முதியவரே வேண்டினார். இரண்டும் ஒத்திருந்தன. அதன் பின்னரே ஆரூரர் தோற்றார் என்று அவை கூறியது. தீர்ப்புக்குப் பின்னும், ‘எம் ஊரினர் என்று ஓலையில் உள்ளதே, உம் மனை எங்கே? காட்டும்’ என்று வென்றவரையே வினவியது. சார்பு நிலையில் நின்ற அவை இத்தனை வினாக்களை எழுப்பாது.

ஆயினும் ஆரூரர் பக்கம் ஒரு குறை உண்டு. மன்றத்தை நேர்மையாகத் தேர்ந்தவர், அதற்கு முன்னரே ஓலையைக் கிழித்தார். சான்றை அழித்துவிட்டு எந்த மன்றத்துக்கு வேண்டுமானாலும் வருகிறேன் என்பது நேர்மை ஆகாது. சேக்கிழார் இக்குறையை மறைக்கவில்லை. மூல ஓலையை முதியவர் தனியே வைத்திருந்தமையால் அதன் தீமையைப் போக்கினார். அதனினும் மேலாக, தீர்ப்புக் கேட்ட ஆரூரரின் நிலையால் அக்குறையைக் கழுவிவிடுகிறார். விதிமுறை இதுவாயின் அதற்கு இசையேன் என்றல் பொருந்துமோ என்பதே அவர் நினைவு. தாம் குறித்த மன்றம் தமக்கு எதிராகத் தீர்த்தபோது, வேறு மன்றம் தேடாமல் பணிந்து நின்றார். மன்றம் தேர்ந்தவனின் அறம் தேர்ந்த பொழுதில் விளங்குவதில்லை. தீர்ப்புக் கேட்ட பின்னரே விளங்குகிறது.

இவ்வுரைகல்லில் அண்மைக்கால வழக்கு ஒன்றை உரைத்துப் பார்க்கலாம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. 1985இல் இந்திய அரசு, பாதிக்கப்பட்டோர் சார்பில், நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க மன்றங்கள் இழப்பீட்டை மிகுதியாக வழங்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். நிறுவனமோ, இவ்வழக்கு இந்தியாவிலேயே நடத்தற்குரியது என்றது. விந்தை யாதெனில், தன் நாட்டு மன்றங்கள் இவ்வழக்கைத் தாங்க வல்லன அல்ல என்று இந்திய அரசே வாதிட்டது. அவை வல்லன என்று அயல்நாட்டு நிறுவனம் புகழ்ந்தது. 1986இல் நீதிபதி கீனன் நிறுவனத்தின் கூற்றை ஏற்று, வழக்கை இந்தியாவுக்கு விடுத்தார்.

வெளித்தோற்றத்தில் இது வெண்ணெய்நல்லூர் வழக்கே போலும்! எதிர்வழக்காடுவோன், ‘உன் ஊருக்கே வருகிறேன்’ என்கிறான். ஆனால் பின் நிகழ்ந்தது யாது? 300 கோடி டாலருக்கு மேல் கேட்கப்பட்ட இழப்பீடு, 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு உடன்பாடாயிற்று. அவ்வுடன்பாடு நீதிமன்றம் ஏற்றது ஆதலின் அதனைச் செலுத்தியது குறையன்று. குற்ற வழக்கில்தான் உண்மை நிறம் தெரிந்தது. போபால் நீதிமன்றம் அழைத்தபோது அந்நிறுவனம் வந்து நிற்கவில்லை. 1992இல் அது தலைமறைவானதாக அறிவிக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்குக்குத் தகுதியுடையது என்று புகழப்பட்ட இந்திய நீதிமன்றம், குற்ற வழக்குக்கு மட்டும் தகுதியற்றதாயிற்றோ? ஆரூரர் சொன்ன சொல்லையே நிறுவனமும் சொல்லிற்று. ஆரூரர் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை.

அங்ஙனமாயின், நியூயார்க்கை நாடியது அறமோ எனின், அதனைக் குறைகூற இடமில்லை. வழக்குத் தொடுத்தோர் தம் ஊரை விட்டு எதிரியின் ஊருக்கே சென்றனர். வறியவன் தன் துயரை முழுதும் கேட்கவல்ல மன்றத்தை நாடுவதும், வலியவன் தன் பிழையை முழுதும் கேளாத மன்றத்தை நாடுவதும் ஒன்றாகா. அதே 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஸ்பிலியாடா என்னும் கப்பல் பற்றிய வழக்கில், இரு திறத்தாரின் நலனுக்கும் நீதியின் பயனுக்கும் எந்த மன்றம் மிகவும் ஏற்றது என்பதே நோக்கத்தக்கது என்று வகுத்தது. சிங்கப்பூர், மலேசிய மன்றங்களும் இவ்வளவுகோலையே கொண்டுள்ளன. இரு திறத்தார் என்னும் சொல் ஈண்டு இன்றியமையாதது. தன் நலனை மட்டும் எண்ணி மன்றம் தேடுவோன் நீதியைத் தேடுவோன் அல்லன்.

தடுத்தாட்கொண்ட புராணத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் ஓலை கிழித்த காட்சியிலும் இறைவன் மறைந்த காட்சியிலும் மிகுதியாக நிற்பது இயல்பே. அவ்விரண்டுக்கும் இடையே, ‘ஆரூரர் ஏன் புத்தூரிலேயே வழக்கைத் தீர்த்துக்கொள்ளவில்லை?’ என்று மாணவரை ஒருமுறை வினவுதல் நன்று. பந்தயத்தில் நடுவராகத் தம் நண்பனையே அமர்த்த விரும்பும் வயதினர் அவர்கள். அவ்வினாவுக்கு அவர்கள் தாமே கண்டு கூறும் விடை, மனப்பாடம் செய்த செய்யுளைவிட நெடுநாள் உடன் வரும்.