எழுதப்படாதது நடக்கவில்லை

அமெரிக்க மத்திய அரசு 2008 டிசம்பரில் தன் நாட்டு நர்சிங் ஹோம்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் ஹெர்னியா ஆபரேஷனுக்கும் போகிற சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அர்த்தம் வேறு. தானாக எழுந்து குளிக்கவோ உடுத்தவோ முடியாதவர்கள் மாதக்கணக்கில், பலர் கடைசிவரை, தங்கியிருக்கும் இடம் அது. நாடு முழுக்கச் சுமார் 15,000 இல்லங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம்.

இடுப்பெலும்பு முறிந்த அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரி ஊழியர் ஒரு பட்டியலை நீட்டி, இதில் எந்த இல்லம் என்று சொல்லுங்கள் என்கிறார். "நல்லா பாத்துப்பாங்களா?" என்பது மட்டும்தான் பிள்ளைகளின் கேள்வி. அந்த ஒரு ராத்திரியில் அவர்கள் பார்ப்பது நட்சத்திரத்தை. அதனால் இதை வெறும் புள்ளிவிவரம் என்று தள்ளிவிட முடியாது. இது ஒரு விமர்சனம், அதுவும் மிக அவசரத்தில் வாசிக்கப்படும் விமர்சனம். அப்படியானால் நாம் அதை மற்ற விமர்சனங்களை வாசிப்பதைப் போலவே வாசிக்க வேண்டும். யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது, யாருடைய வார்த்தையை நம்பி எழுதியது?

நட்சத்திரம் மூன்று சரக்குகளைக் கலந்து செய்யப்படுகிறது. முதலாவது, முன்னறிவிப்பின்றி வரும் மாநில ஆய்வாளர்களின் அறிக்கை. இரண்டாவது, ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேர ஊழியம் கிடைக்கிறது என்ற கணக்கு. மூன்றாவது, 'தர அளவீடுகள்' என்று அழைக்கப்படுபவை: எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், எத்தனை பேர் விழுந்து அடிபட்டார்கள், எத்தனை பேருக்கு மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறது என்பது போன்றவை. ஆய்வாளர் தந்த நட்சத்திரத்தில் தொடங்கி, மற்ற இரண்டையும் பார்த்து ஒன்றைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள்.

முதல் சரக்கிலேயே ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆய்வு நட்சத்திரம் ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் வரிசைப்படுத்தித் தரப்படுவது. மாநிலத்தின் முதல் பத்து சதவீத இல்லங்களுக்கு ஐந்து, கடைசி இருபது சதவீதத்துக்கு ஒன்று. ஒரு மாநிலத்தில் எல்லா இல்லங்களுமே மோசமாக இருந்தாலும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரம் வாங்கித்தான் தீரும். வகுப்பில் எல்லோரும் ஃபெயில், ஆனாலும் முதல் ரேங்க் ஒருவனுக்கு உண்டு, அந்த மாதிரி. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மாநிலத்துக்கு மாநிலம் ஆய்வாளர்களின் கறார் வேறுபடுவதால் அப்படிச் செய்தார்கள், காரணம் நியாயமானதே. ஆனால் வாசிப்பவர் 'நல்ல இல்லம்' என்று வாசிக்கிறார். அங்கே எழுதியிருப்பதோ 'பக்கத்து இல்லத்தைவிடப் பரவாயில்லை' என்பதுதான்.

மூன்றாவது சரக்குதான் சிக்கல். அந்த அளவீடுகளில் பெரும்பகுதி, இல்லமே தன் ஆட்களைப் பற்றி நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருகிறது. அதாவது சுயசரிதை. சுயசரிதையை ஆதாரமாக வைத்து ஒருவருக்கு நற்சான்று கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் ஒரு எளிய காரியம் செய்தார்கள். விழுந்து பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த இல்லவாசிகளின் மெடிகேர் பில்களை எடுத்து, அந்த விழுதலை இல்லம் தன் படிவத்தில் குறித்திருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். 57.5 சதவீதம்தான் குறிக்கப்பட்டிருந்தது. எலும்பு முறிந்து, ஆம்புலன்ஸ் வந்து, பில் போட்டு, அரசு பணமும் கட்டியிருக்கிறது. படிவத்தில் மட்டும் அந்த ஆள் விழவே இல்லை.

மருந்து விஷயம் இதைவிட வேதனை. 1980களில் அமெரிக்க இல்லங்களில் முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் கட்டிவைப்பது சர்வசாதாரணம். 1987ன் சீர்திருத்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது. எத்தனை பேரைக் கட்டியிருக்கிறீர்கள் என்று எண்ண ஆரம்பித்ததும் எண்ணிக்கை சரசரவென்று இறங்கி, இன்று மிக அரிதாகிவிட்டது. எண்ணுவதால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கட்டுகளை அவிழ்த்ததில் எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

கயிறு போனது, மாத்திரை வந்தது. மறதி நோய் முற்றி, சத்தம் போடுகிறவர்களை, நடந்துகொண்டே இருப்பவர்களை அடக்கி உட்காரவைக்க மனநோய் மருந்து. சரி, அதையும் எண்ணுவோம் என்றது அரசு. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவை என்பதால் அவர்களைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். அதன்பின் பல இல்லங்களில் எண்பது வயதுப் பாட்டிகளுக்குப் புதிதாக மனச்சிதைவு நோய் வர ஆரம்பித்தது. அது பொதுவாக இளம் வயதில் தொடங்கும் நோய். 2021ல் நியூயார்க் டைம்ஸ் எடுத்துக்காட்டிய கணக்குப்படி, பொதுமக்களில் 150 பேரில் ஒருவருக்கு இருக்கும் அந்த நோய் இல்லவாசிகளில் ஒன்பது பேரில் ஒருவருக்கு இருந்தது. அரசு 2023ல் இந்த நோய்க்குறிப்புகளைத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது. பாட்டிக்கு மருந்தும் குறையவில்லை, கூடவே கேஸ் கட்டில் இல்லாத நோய் ஒன்றும் நிரந்தரமாக ஏறிக்கொண்டது. ஒரு மதிப்பீட்டு முறை தான் அளக்க வந்த மனுஷியின் வாழ்க்கை வரலாற்றையே திருத்தி எழுதிவிட்டது என்பதை எந்த நட்சத்திரத்தில் காட்ட முடியும்?

அப்படியானால் எதைத்தான் வாசிப்பது? என் சிபாரிசு, ஆய்வாளர் எழுதும் அறிக்கையை. 2567 என்ற எண்ணுள்ள படிவம் அது. 2012ல் புரோபப்ளிகா அந்த அறிக்கைகளைத் தேடிப் பார்க்க வசதி செய்தது. இன்று அரசின் தளத்திலேயே நட்சத்திரத்துக்குக் கீழே கிடக்கிறது. இலக்கிய நயம் எதிர்பார்க்காதீர்கள். பெயர்கள் கிடையாது, எண்கள்தான். இந்த எண்ணுள்ள வாசி இன்ன மணிக்கு அழைப்பு மணியை அழுத்தினார், இன்ன மணிக்கு ஆள் வந்தது, அதற்குள் படுக்கை நனைந்திருந்தது. கேட்டதற்கு ஊழியர் இப்படிச் சொன்னார், சார்ட்டில் இப்படி இருந்தது. கண்டது, கேட்டது, எழுதப்பட்டிருந்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் உரைநடை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடம்தான் இல்லத்தின் உண்மையான முகம். நட்சத்திரம் அந்த முரணை எல்லாம் அரைத்துக் கூழாக்கித் தருகிறது.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து கிடைக்கும். எல் என்றால் பலரின் உயிருக்கு உடனடி ஆபத்து. பெரும்பாலான குறைகள் 'தீங்கு ஏற்படவில்லை' என்கிற எழுத்துகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தவருக்குத் தீங்கு ஏற்படவில்லை என்று முடிவு செய்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எழுத்தை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பெருகிவிட்ட நாம் இந்த 2567ஐப் பார்த்துப் பொறாமைப்படலாம். நமக்குக் கையில் தரப்படுவது வண்ணப் பிரசுரம்தான்.

ஆனால் ஆய்வாளரும் வந்துபோகிறவர். சில நாள் இருப்பார், போய்விடுவார். உள்ளே இருந்து பார்த்தவரின் சாட்சியம் வேண்டுமென்றால் டிமதி டைமண்டின் 'மேக்கிங் கிரே கோல்ட்' புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். 1992ல் வந்தது. டைமண்ட் ஒரு சமூகவியலாளர். 1980களில் சிகாகோவில் நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, சில இல்லங்களில் ஷிப்ட் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், புலம்பெயர்ந்து வந்த பெண்கள். ஒரு வேலைச் சம்பளம் வாடகைக்கே போதாமல் இரண்டாவது வேலைக்கு ஓடுகிறவர்கள்.

நர்சிங் தொழிலில் ஒரு பழமொழி மாதிரி ஓடும் பேச்சு உண்டு: எழுதப்படாதது நடக்கவில்லை. டைமண்டின் புத்தகத்தின் முதுகெலும்பு இதுதான். குளிப்பாட்டினேன், டிக். ரத்த அழுத்தம் பார்த்தேன், டிக். ஆனால் குளிக்கப் பயந்து அலறும் ஒருவரை எப்படிப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள் அந்த உதவியாளர், மலம் போனதற்காகக் கூசி அழுபவரின் முகத்தைப் பார்க்காத மாதிரி எப்படித் துடைத்தாள், செத்துப்போன கணவனைத் தேடுகிறவளிடம் என்ன சொன்னாள், இதற்கெல்லாம் சார்ட்டில் கட்டம் கிடையாது. சக ஊழியர்கள் இதைத் தாய்க்குரிய சமயோசிதம் என்கிற பொருள்படும் சொல்லால் அழைத்ததை டைமண்ட் குறித்துவைக்கிறார். பராமரிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் படிவத்தில் இல்லாதது. இன்னொன்றும் அவர் கவனிக்கிறார். படுத்திருப்பவரும் ஒரு வேலை செய்கிறார். காத்திருப்பது, பொறுத்துக்கொள்வது, முன்பின் தெரியாத கைகளுக்கு உடம்பைக் கொடுப்பது. அந்த உழைப்பும் எந்தக் கணக்கிலும் வராது.

குறை இல்லாத புத்தகம் இல்லை. தான் ஆய்வாளர் என்பதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அவர் வேலை செய்யவில்லை. அவர் எழுதிய அந்தரங்கங்களுக்கு உரியவர்கள் சம்மதம் தந்தார்களா என்ற கேள்வி கடைசிவரை உறுத்துகிறது. இருந்தாலும், அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' இந்த விஷயத்தில் இவ்வளவு புகழ்பெற்றிருக்க, டைமண்டை யாரும் பேசாதது அநியாயம். கவாண்டே மகாராஷ்டிர கிராமத்தில் நூறு வயது தாண்டி வாழ்ந்த தன் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறார். 1991ல் நியூயார்க் மாநில இல்லம் ஒன்றுக்கு நாய், பூனை, நூறு கிளிகளைக் கொண்டுவந்த டாக்டர் பில் தாமஸின் கதையை அற்புதமாகச் சொல்கிறார். படிக்கப் படிக்க மனசு நிறைகிறது. ஆனால் அவர் அறுவைச் சிகிச்சை நிபுணர். அவரது கதாநாயகர்கள் டாக்டர்களும் புதுமை செய்கிற நிர்வாகிகளும். அந்த நூறு கிளிக் கூண்டையும் தினமும் யார் கழுவினார்கள் என்ற கேள்வி டைமண்டுக்குத்தான் முதலில் தோன்றியிருக்கும்.

டைமண்டை முடித்துவிட்டு நட்சத்திரத்துக்குத் திரும்பினால் இரண்டாவது சரக்கின் மீது, அதாவது ஊழிய நேரத்தின் மீது, மரியாதை வருகிறது. முன்பு அதுவும் இல்லங்கள் சொன்ன கணக்குதான். 2018லிருந்து சம்பளப் பட்டியலிலிருந்தே எடுக்கிறார்கள். எடுத்ததும் சனி, ஞாயிறுகளில் ஆள் எவ்வளவு குறைகிறது என்பது வெளியே வந்தது. 2022லிருந்து வார இறுதி நேரமும், ஒரு வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் நட்சத்திரக் கணக்கில் சேர்ந்துவிட்டன. மனிதச் சூட்டை அளக்காது, ஆனால் பொய் சொல்வது கடினமான எண்கள் இவை. பாதிப் பேர் வருஷத்துக்குள் ஓடிவிடும் இடத்தில் அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேர ஊழியம் வேண்டும், அதற்குக் குறைந்தால் தீங்கு கூடுகிறது என்று மத்திய அரசுக்காகச் செய்த ஆய்வு 2001லேயே சொன்னது. 2024ல் அரசு ஒருவழியாகக் குறைந்தபட்சம் 3.48 மணி என்று விதி போட்டது. அதில் உதவியாளரின் பங்கு 2.45 மணி, அதாவது 24 மணி நேரத்தில் இரண்டு மணி இருபத்தேழு நிமிஷம். எழுப்புவது, துடைப்பது, மூன்று வேளை ஊட்டுவது, புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அதற்குள். இல்ல முதலாளிகள், ஆள் கிடைக்காது, கட்டுப்படியாகாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அந்த விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. ஆள் கிடைக்காது என்பது உண்மைதான். அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்காது.